ஸ்மார்ட் கருவிகளைப் பதிந்து தேடும் வெப் ஏபிஐ: ஒரே கருவி டைரக்டரியில் மூன்று முறை தெரிகிறது, கழற்றிய கருவி போக மறுக்கிறது

(கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

நீர்மட்டம்:

அடுக்குமாடிக் குடியிருப்பு, 240 கருவிகள். மேல்தொட்டி நீர்மட்ட சென்சார், மோட்டார் ரிலே, மின்மீட்டர் வாசிப்பான் என்று கலந்து இருக்கின்றன, எல்லாமே இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கட்டுப்பாட்டுச் சிப்). இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட ‘வெப் ஆஃப் திங்ஸ் டிஸ்கவரி’ தரத்தின்படி, கருவிகளின் பட்டியலை வைத்திருக்கும் ஒரு டைரக்டரி சர்வர். கருவி ஆன் ஆனதும் தன் திங் டிஸ்கிரிப்ஷனை (தான் யார், எப்படி அணுகுவது என்று சொல்லும் ஜேசன் கோப்பு; இனி விவரணை என்கிறேன்) டைரக்டரிக்கு போஸ்ட் (‘புதிதாகச் சேர்’ என்ற எச்டிடிபி கோரிக்கை) செய்கிறது.

மூன்று சிக்கல்கள். கரண்ட் போய் வந்தால் ஒரே கருவி இரண்டு, மூன்று முறை பட்டியலில் வருகிறது. கழற்றி எடுத்த கருவி பட்டியலை விட்டுப் போவதே இல்லை. டைரக்டரியை போன் ஆப் தானாகக் கண்டுபிடிக்கிறது, ஆனால் வேறு விலானில் (தனியாகப் பிரித்த உள் நெட்வொர்க்) இருக்கும் கண்காணிப்பு சர்வருக்குத் தெரியவில்லை. இந்தத் தரத்தை விட்டுவிட்டு நாமே சிறியதாக ஒரு ஏபிஐ எழுதிக்கொள்வது மேலா?

பதிவேடு:

சொந்த ஏபிஐ எழுதினாலும் இந்த மூன்றும் அப்படியே கூட வரும். முதல் சிக்கலுக்குக் காரணம் போஸ்ட்.

இந்தத் தரத்தில் பதிவு செய்ய இரண்டு வழி உண்டு. விவரணைக்குள் ‘ஐடி’ இல்லையென்றால் ‘/திங்ஸ்’ பாதைக்கு போஸ்ட். டைரக்டரியே புதிதாக ஒரு யூயூஐடி (வேறெதோடும் மோதாத அடையாள எண்) கொடுத்து, 201 (‘உருவானது’) பதிலோடு லொகேஷன் ஹெடரில் திருப்பி அனுப்பும். கருவி அந்த லொகேஷனைச் சேமிக்காமல் அடுத்த முறை மறுபடி போஸ்ட் செய்தால், டைரக்டரியைப் பொறுத்தவரை அது வேறொரு புதிய கருவி. அதன் மேல் குற்றமே இல்லை, கேட்டதைத்தான் செய்கிறது.

விவரணைக்குள் ஐடி இருந்தால் அதே ஐடியைப் பாதையில் வைத்து புட் (‘இந்த இடத்தில் வை, இருந்தால் மாற்று’ என்ற கோரிக்கை) செய்ய வேண்டும். இப்படி:

புட் /திங்ஸ்/யுஆர்என்:யூயூஐடி:(கருவியின் நிலையான எண்)
கன்டென்ட்-டைப்: அப்ளிகேஷன்/டிடி+ஜேசன்

முதல் முறை 201, அடுத்த ஒவ்வொரு முறையும் 204 (வெற்றி, பதிலில் உள்ளடக்கம் இல்லை). நூறு முறை அனுப்பினாலும் பதிவு ஒன்றுதான். கருவியின் நிரலில் ‘ஏற்கெனவே பதிந்தோமா’ என்று பார்க்கும் கிளையே தேவையில்லை. எப்போதும் புட், 201 வந்தாலும் 204 வந்தாலும் வெற்றி.

பாதையில் உள்ள ஐடியும் உடலில் உள்ள ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். 400 (தவறான கோரிக்கை) வந்தால் பதிலின் உடலைத் தூக்கிப் போடாமல் லாக் செய்யுங்கள்: எந்தப் புலம் தவறு என்பது ‘வேலிடேஷன் எரர்ஸ்’ பகுதியில் வரும். அதிகம் விடுபடுவது ‘செக்யூரிட்டி’, ‘செக்யூரிட்டி டெஃபினிஷன்ஸ்’ இரண்டும்தான். பாதுகாப்பே வைக்காத கருவி என்றாலும் ‘நோசெக்’ என்று எழுதியே ஆக வேண்டும்.

இப்போது இருக்கும் நகல்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டாம். முதலில் புட் செய்யும் ஃபர்ம்வேர் எல்லாக் கருவிக்கும் போய்ச் சேரட்டும். பிறகு டைரக்டரியைக் காலி செய்துவிடுங்கள். ஒரு புதுப்பிப்புச் சுற்றுக்குள் உயிரோடு இருப்பவை எல்லாம் தாமே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சிறுகருவி:

ஐடி எங்கிருந்து வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

வழி ஒன்று: முதல் பூட்டில் ஒரு யூயூஐடி 4 (தற்செயல் எண் வகை) உருவாக்கி என்விஎஸ்ஸில் (ஃப்ளாஷில் அமைப்புகளைச் சேமிக்கும் பகுதி) எழுதுவது. நெட்வொர்க் வழியாக வரும் ஓடிஏ அப்டேட் என்விஎஸ்ஸைத் தொடாது, அதனால் பல மாதம் ஒழுங்காகப் போகும். ஒரு நாள் யாராவது கேபிள் செருகி முழு ஃப்ளாஷையும் அழித்து எழுதுவார்கள்; ஐடியும் அதோடு போய்விடும், கருவி புதுப்பெயரில் வரும்.

வழி இரண்டு: சிப்பின் இ-ஃப்யூஸில் (ஒருமுறை எழுதினால் அழியாத பகுதி) எரித்த மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் வன்பொருளின் எண்) யூயூஐடி 5 (ஒரு பெயரிலிருந்து கணக்கிடும் வகை) கணக்கிடுவது. பெயர்வெளியாக உங்களுக்கென ஒரு நிலையான யூயூஐடி, பெயராக மேக். எத்தனை முறை அழித்தாலும் அதே விடைதான் வரும், சேமிக்கவே தேவையில்லை. 240 கருவிக்கு நான் இதைத்தான் சொல்வேன். மேக்கை அப்படியே வெளிப்படையாக ஐடியில் வைக்க ஆர்எஃப்சி 9039 என்ற இணையத் தர ஆவணத்தில் வழி இருக்கிறது. ஆனால் பட்டியலைப் படிக்கிற யாரும் அந்த வன்பொருளைக் காலத்துக்கும் பின்தொடரலாம். குடியிருப்பவர்களின் வீட்டு மீட்டர் இதில் இருப்பதால் அது வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம்: போர்டு பழுதாகி மாற்றினால் ஐடி மாறும். மாறட்டும், அதுதான் சரி. ‘பி பிளாக் மேல்தொட்டி’ என்பது இடத்தின் பெயர், போர்டின் பெயர் அல்ல. இடத்தை விவரணைக்குள் தனிப் புலமாக (பிளாக், தளம், தொட்டி எண்) உங்கள் சொந்தச் சொல்தொகுதி முன்னொட்டோடு வையுங்கள். தலைப்பில் எழுதிவைத்துப் பிறகு அதை வெட்டிப் பிரித்துத் தேட வேண்டிய நிலை வரக்கூடாது.

பொதிவழி:

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். அறிமுகம் வேறு, ஆராய்தல் வேறு என்று தரமே இரண்டாகப் பிரித்திருக்கிறது. அறிமுகத்தின் வேலை ‘டைரக்டரி எங்கே இருக்கிறது’ என்ற ஒரு முகவரியைத் தருவதோடு முடிகிறது; அங்கே போய் விவரணைகளை எடுப்பது ஆராய்தல். உங்கள் போன் அதை எம்டிஎன்எஸ் (உள் நெட்வொர்க்கில் எல்லோரிடமும் கேட்டுப் பெயரைத் தேடும் முறை) வழியாகப் பெறுகிறது: 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்கும் போகும்) முகவரி, யூடிபி போர்ட் 5353. அந்த முகவரி ஒரே இணைப்புக்குள் மட்டும் வாழ்வது. ரவுட்டர் அதைக் கடத்தாது, கடத்தவும் கூடாது. வேறு விலானில் இருக்கும் சர்வருக்குத் தெரியாமல் இருப்பது பழுது இல்லை, அதன் இயல்பே அதுதான்.

முதலில் உறுதி செய்யுங்கள். டைரக்டரி இருக்கும் விலானில் ஒரு லினக்ஸ் மடிக்கணினியைச் செருகி, அவாஹி-பிரவுஸ் (லினக்ஸின் எம்டிஎன்எஸ் மென்பொருளான அவாஹியின் தேடல்) கட்டளையால் ‘_வாட்._டிசிபி’ சேவையையும் அதன் ‘_டைரக்டரி’ துணைவகையையும் தேடுங்கள். எஸ்ஆர்வி பதிவில் போர்ட் சரியா, டெக்ஸ்ட் பதிவில் ‘டைப்’ என்பது டைரக்டரி என்று இருக்கிறதா, ‘டிடி’ என்பது சரியான பாதையா என்று பாருங்கள். இங்கேயே தெரியவில்லையென்றால் விலானைக் குறை சொல்லிப் பயனில்லை. டைரக்டரி டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஓடுகிறதா? டாக்கரின் வழக்கமான பிரிட்ஜ் நெட்வொர்க் மல்டிகாஸ்டை வெளியே விடாது. ஹோஸ்ட் நெட்வொர்க்கில் ஓட்டுங்கள், அல்லது விளம்பரம் செய்யும் வேலையை ஹோஸ்ட்டில் உள்ள அவாஹியிடம் கொடுத்துவிடுங்கள்.

வைஃபையிலும் ஒரு தொல்லை உண்டு. மல்டிகாஸ்ட் ஃப்ரேமுக்கு ஒப்புகை கிடையாது, தொலைந்தால் திரும்ப அனுப்புவதும் கிடையாது. அக்சஸ் பாயிண்ட்டில் ‘கிளையன்ட் ஐசொலேஷன்’ போட்டிருந்தால் ஒரு கருவியின் பாக்கெட் பக்கத்துக் கருவிக்கே போகாது. ‘சில சமயம் கிடைக்கிறது, சில சமயம் கிடைக்கவில்லை’ என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

இரண்டு விலானுக்கும் நடுவே பாலம் போட அவாஹியில் ரிஃப்ளெக்டர் உண்டு, ‘எனேபிள்-ரிஃப்ளெக்டர்=யெஸ்’ என்ற ஒரே வரி. ஆனால் அது அந்த விலானில் உள்ள பிரிண்டர், டிவி எல்லாவற்றின் சத்தத்தையும் சேர்த்துத்தான் கடத்தும். இரண்டு பெட்டிகளில் போட்டுவிட்டால் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வரும்.

நீர்மட்டம்:

ரிஃப்ளெக்டர் இல்லாமல் வேறு வழி? டைரக்டரி டாக்கர் பிரிட்ஜில்தான் இருக்கிறது. விளம்பரத்தை ஹோஸ்ட்டில் உள்ள அவாஹிதான் செய்கிறது, அதனால் போனுக்குத் தெரிகிறது.

பொதிவழி:

ஒரு சர்வரிடம் நேராகக் கேட்கும் சாதாரண யூனிகாஸ்ட் டிஎன்எஸ் போதும். டிஎன்எஸ்-எஸ்டி (டிஎன்எஸ் பதிவுகள் வழியாகச் சேவையைத் தேடும் முறை) என்பது எம்டிஎன்எஸ்ஸுக்கு மட்டும் சொந்தமானது அல்ல. அதே பிடிஆர், எஸ்ஆர்வி, டெக்ஸ்ட் பதிவுகளை உங்கள் உள் டிஎன்எஸ் சர்வரின் டொமைனில் மூன்று வரியாக எழுதிவிடலாம். எல்லா விலானுக்கும் அது தெரியும்.

கண்காணிப்பு சர்வர் ஒன்றே ஒன்றுதான் என்றால் அதுகூட வேண்டாம். டைரக்டரியின் முகவரியை அமைப்புக் கோப்பில் நேராக எழுதுங்கள். தரமே அதையும் ஒரு அறிமுக வழியாக ஏற்கிறது. எண்ணிக்கை அதிகமாக, அடிக்கடி இடம் மாறும் பக்கத்துக்குத்தான் தானியங்கித் தேடல். சர்வர் பக்கம் அப்படி இல்லை.

காலக்கெடு:

இரண்டாவது சிக்கலை யாரும் தொடவில்லை. பதிவு என்பது பட்டா மாதிரி அல்ல, வாடகை ஒப்பந்தம் மாதிரி. கெடு இருக்க வேண்டும். கெடுவுக்குள் புதுப்பிக்காதவன் வெளியேற வேண்டும். நீங்கள் கெடு எழுதாமல் பதிகிறீர்கள், அதனால் கழற்றிய கருவி நிலைத்து நிற்கிறது.

விவரணைக்குள் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்ற பொருளில் ‘டிடிஎல்’ என்று விநாடிக் கணக்கில் கொடுங்கள். ‘எக்ஸ்பயர்ஸ்’ என்று முழுத் தேதி கொடுக்கவும் இடம் உண்டு, ஆனால் கருவிகளுக்கு அது ஆபத்து. கடிகாரச் சிப் இல்லாத இஎஸ்பி32 கரண்ட் வந்ததும் 1970 ஜனவரி 1-இல் எழுந்திருக்கிறது. அதோடு ஒரு மணி நேரம் கூட்டி அனுப்பினால் பதிவு பிறக்கும்போதே காலாவதி. டிடிஎல் கொடுத்தால் கணக்கு முழுவதும் டைரக்டரியின் கடிகாரத்தில் நடக்கும். (இதே 1970 சான்றிதழ் சோதனையையும் உடைக்கும், ‘சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று. என்டிபி வழியாக நெட்வொர்க்கிலிருந்து நேரம் வாங்கிய பிறகுதான் டிஎல்எஸ் (மறையாக்கிய) இணைப்பைத் தொடங்க வேண்டும்.)

எவ்வளவு கெடு? 3600 விநாடி வைத்து, மூன்றில் ஒரு பங்கில், அதாவது 1200 விநாடிக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஒரு முறை தவறினாலும் கெடுவுக்குள் இன்னொரு வாய்ப்பு இருக்கும். 240 கருவிக்கு இது 5 விநாடிக்கு ஒரு கோரிக்கை, ராஸ்பெரி பைகூடத் தாங்கும். கெடுவை 90 விநாடியாக இறக்கினால் விநாடிக்கு 8 கோரிக்கை. டிஎல்எஸ் கைகுலுக்கலும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தால் சுமை தெரிய ஆரம்பிக்கும்.

கரண்ட் திரும்பும் தருணத்தை மறக்காதீர்கள். 240 கருவியும் ஒரே விநாடியில் எழுந்து ஒரே கதவைத் தட்டும். பூட் ஆனதும் 0 முதல் 120 விநாடிக்குள் ஏதோ ஒரு தற்செயல் எண்ணுக்குக் காத்திருந்து பதியட்டும்; சராசரி விநாடிக்கு 2 ஆகிவிடும். தோற்றால் 5, 10, 20, 40 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதிலும் கொஞ்சம் தற்செயல் கலந்து, இடைவெளி 10 நிமிடத்தைத் தாண்டாமல் வையுங்கள். தற்செயல் எண் உருவாக்கிக்கு மேக்கிலிருந்தோ வன்பொருள் ரேண்டமிலிருந்தோ விதை போடுங்கள். எல்லாக் கருவியிலும் ஒரே விதை என்றால் எல்லாம் ஒரே ‘தற்செயல்’ விநாடியில் வரும்.

ஒளிபரப்பு:

ஒப்பிட்டுப் பார்க்க: தொலைக்காட்சி நிலையங்களில் கேமரா, ஸ்விட்சர் போன்றவற்றைப் பதிய ஏஎம்டபிள்யூஏ அமைப்பின் ஐஎஸ்-04 என்ற ஏபிஐ இருக்கிறது. அங்கே கருவி 5 விநாடிக்கு ஒருமுறை இதயத்துடிப்பு அனுப்பும், 12 விநாடி சத்தமில்லை என்றால் பதிவகம் அதையும் அதன் கீழ் உள்ள அனைத்தையும் துடைத்துவிடும்.

அதிலிருந்து இரண்டு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று: இதயத்துடிப்புக்கு 404 வந்தால் ‘என்னை மறந்துவிட்டார்கள்’ என்று பொருள், உடனே முழுப் பதிவு. 5 எனத் தொடங்கும் பிழை வந்தால் அது சர்வரின் கோளாறு, அடுத்த சர்வரிடம் போ. இந்த இரண்டையும் ஒரே பிழையாக நடத்தும் ஃபர்ம்வேர்தான் டைரக்டரி ரீஸ்டார்ட் ஆனதும் காணாமல் போகிறது.

இரண்டு: சேவைப் பெயரின் நீளம். ஆர்எஃப்சி 6763 சேவைப் பெயரை 15 எழுத்துக்குள் அடக்கச் சொல்கிறது. ஐஎஸ்-04-இல் முதலில் வைத்த ‘என்எம்ஓஎஸ்-ரெஜிஸ்ட்ரேஷன்’ ஆங்கிலத்தில் 17 எழுத்து. 1.3 பதிப்பில் அதை ‘என்எம்ஓஎஸ்-ரெஜிஸ்டர்’ என்று சுருக்க வேண்டி வந்தது. சொந்தச் சேவைப் பெயர் வைக்க நினைப்பவர்கள் முதலில் எண்ணிப் பாருங்கள்.

பதிவேடு:

404 பற்றிச் சொன்னது மிகவும் சரி. ஆனால் 5/12 கணக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். 240 கருவிக்கு விநாடிக்கு 48 கோரிக்கை ஆகும். நேரலையில் கேமரா போனது 12 விநாடிக்குள் தெரிய வேண்டும்; தொட்டி சென்சார் போனது ஒரு மணி நேரத்தில் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, டைரக்டரியில் இல்லை என்பதை வைத்து ‘பழுது’ என்று முடிவு செய்ய வேண்டாம். இருக்க வேண்டிய 240 கருவிகளின் பட்டியல் தனியாக ஒரு தரவுத்தளத்தில் இருக்கட்டும். அந்தப் பட்டியலுக்கும் டைரக்டரிக்கும் உள்ள வித்தியாசம்தான் பழுதுப் பட்டியல். டைரக்டரியையே சொத்துப் பதிவேடாக வைத்தால் கெடு முடிந்ததும் கருவியின் வரலாறும் அழிந்துபோகும். அதற்குப் பயந்துதான் பலர் கெடுவே வைப்பதில்லை.

சிறுகருவி:

பேட்டரி சென்சார் பின்னால் வரப்போகிறது என்றால் எச்டிடிபி வேண்டாம். கோஆப் (சிறு கருவிகளுக்கான, எச்டிடிபி போன்ற எளிய நெறிமுறை) வழியில் ‘ரிசோர்ஸ் டைரக்டரி’ இருக்கிறது, ஆர்எஃப்சி 9176, 2022-இல் வந்தது. கெடு குறிப்பிடாவிட்டால் 90000 விநாடி, அதாவது 25 மணி நேரம். நாளுக்கு ஒருமுறை விழிக்கும் சென்சார் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பதிவு பிழைக்கும். அங்கே கருவியின் பெயரும் அதன் பிரிவும் சேர்ந்துதான் அடையாளம், அதனால் மறுபடி பதிந்தாலும் நகல் விழாது.

விவரணை முழுவதையும் அதில் ஏற்ற முயல வேண்டாம். விவரணை எங்கே இருக்கிறது என்று ஒரு இணைப்பு மட்டும், ‘வாட்.திங்’ என்ற வகைக் குறியோடு. ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடும்.

நீர்மட்டம்:

நன்றி. ஒரு சந்தேகம்: விவரணையில் ‘பேஸ்’ என்று ஐபி முகவரியை வைத்திருக்கிறோம். ரவுட்டர் தானாகக் கொடுக்கும் அந்த டிஹெச்சிபி முகவரி மாறினால்?

கதவிலக்கம்:

இதைக் கட்டாயம் கவனியுங்கள், மோட்டார் இருப்பதால் சொல்கிறேன். ஏ பிளாக் மோட்டாரின் பதிவில் 10.0.4.31 என்று இருக்கிறது. கரண்ட் போய் வருகிறது, ரவுட்டர் அந்த முகவரியை பி பிளாக் மோட்டாருக்குக் கொடுக்கிறது. டைரக்டரியில் ஏ பிளாக்கின் பழைய பதிவுக்கு இன்னும் 50 நிமிடக் கெடு மிச்சம். ‘ஏ மோட்டாரை ஆன் செய்’ என்ற கட்டளை பி மோட்டாருக்குப் போகும். அதுவும் அதே ஃபர்ம்வேர்தானே, 204 என்று பதில் சொல்லி ஓட ஆரம்பித்துவிடும். ஒரு தொட்டி வழியும், இன்னொன்று காயும், லாகில் எல்லாம் வெற்றி என்று இருக்கும்.

தடுப்பது இப்படி. ஐபி கிடைத்த நிகழ்வில், முகவரி முன்பு இருந்ததிலிருந்து மாறியிருந்தால், காத்திருக்காமல் உடனே புட். மோட்டார், வால்வு போன்று ஏதாவது இயக்குபவற்றுக்கு டிஹெச்சிபி முன்பதிவு. இரண்டுக்கும் மேலாக, இயக்கும் முன் கருவியின் ‘/.வெல்-நோன்/வாட்’ பாதையிலிருந்து விவரணையை எடுத்து ஐடியை ஒப்பிடுங்கள். டிஎல்எஸ் சான்றிதழின் பெயரிலேயே ஐடி இருந்தால் அந்த ஒப்பீடு இணைப்பு போடும்போதே நடந்துவிடும், அதுதான் சிறந்தது.

சான்றிதழ் என்றதும் ‘.லோக்கல்’ பெயருக்கு வாங்கப் போகாதீர்கள், பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள் அதற்குத் தர முடியாது. உங்கள் சொந்த டொமைனின் கீழ் பெயர் வைத்து டிஎன்எஸ்-01 சோதனை (டொமைன் உங்களுடையது என்று டிஎன்எஸ் பதிவால் காட்டுவது) வழியாக டைரக்டரிக்கு வாங்குங்கள். கருவிகளுக்கு உள்ளுக்குள் ஒரு தனிச் சான்றிதழ் ஆணையம் போதும்.

எழுதும் உரிமையைப் பற்றி: 240 கருவிக்கும் ஒரே டோக்கன் (அனுமதிச் சாவி) என்றால், ஒரு கருவியைக் கழற்றி ஃப்ளாஷைப் படித்தவர் மற்ற 239-இன் பதிவையும் மாற்றலாம். கருவிக்கு ஒரு டோக்கன், அது தன் ஐடியின் பாதையில் மட்டும் எழுதலாம், பட்டியலைப் படிக்கவே முடியாது. இந்த விதியை டைரக்டரியின் முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸிலேயே போட்டுவிடலாம். எந்த வீட்டில் எந்த மீட்டர் என்ற பட்டியல் திறந்து கிடக்கக் கூடாது.

பொதிவழி:

என்ஜின்எக்ஸ் நடுவில் வருகிறது என்றால் நிகழ்வு ஓடையையும் சொல்லிவிடுகிறேன். ‘/ஈவென்ட்ஸ்’ பாதையில் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸாக (திறந்திருக்கும் இணைப்பில் சர்வர் தானே அனுப்பும் செய்திகள்) பதிவு உருவானது, மாறியது, அழிந்தது மூன்றும் வரும். என்ஜின்எக்ஸ் வழக்கப்படி பதிலைத் தேக்கிவைத்துத்தான் அனுப்பும், அதனால் நிகழ்வு பல நிமிடம் கழித்துக் கொத்தாக வரும். அந்தப் பாதைக்கு மட்டும் ‘ப்ராக்ஸி_பஃபரிங் ஆஃப்’ போடுங்கள். 60 விநாடி எதுவும் வராவிட்டால் இணைப்பை அது வெட்டிவிடும். டைரக்டரி 15 விநாடிக்கு ஒரு வெற்றுக் குறிப்பு வரி அனுப்பினால் நிலைக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் நிகழ்வு ஓடையைத் திறந்துகொண்டு, பிறகு முழுப் பட்டியலைக் கேளுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டுக்கும் நடுவே பதிந்த கருவி உங்கள் கண்ணில் படாமலே போகும். பட்டியலை ‘லிமிட்’, ‘ஆஃப்செட்’ வைத்து 50 ஐம்பதாக வாங்கும்போதும் இதே பள்ளம்: முதல் பக்கத்தில் இருந்த ஒன்று நடுவில் காலாவதியானால் மற்றவை ஓரிடம் மேலேறும், பக்க எல்லையில் ஒன்று விடுபடும். ஓடை முன்பே திறந்திருந்தால் ‘அழிந்தது’ நிகழ்வு வரும், உடனே மறுபடி பட்டியல் கேட்கலாம்.

நீர்மட்டம்:

புட், யூயூஐடி 5, டிடிஎல் 3600, 120 விநாடிச் சிதறல், கருவிக்கு ஒரு டோக்கன். ஃபர்ம்வேரில் எழுதிக்கொண்டிருக்கிறோம். புதுப்பிக்கும்போது முழு விவரணையையும் அனுப்பாமல் பேட்ச் செய்தால் போதுமா? 2 கேபி-க்குப் பதில் சில பைட்தானே.

பதிவேடு:

போதும். ‘மெர்ஜ்-பேட்ச்+ஜேசன்’ உள்ளடக்க வகையில் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ பொருளையும் அதற்குள் டிடிஎல்லையும் மட்டும் அனுப்புங்கள், 204 வரும். அனுப்பிய பிறகு ஒருமுறை அந்தப் பதிவை கெட் செய்து, ‘எக்ஸ்பயர்ஸ்’ உண்மையிலேயே முன்னகர்ந்ததா என்று உங்கள் டைரக்டரியில் சோதியுங்கள். நகரவில்லையென்றால் புட்டுக்கே திரும்புங்கள், 2 கேபி பெரிய செலவு இல்லை. 404 வந்தாலும் புட்.

மெர்ஜ் பேட்ச்சில் அணிவரிசைகளை மட்டும் தொடாதீர்கள். பொருளுக்குள் இருக்கும் புலங்களைத்தான் அது ஒன்றுசேர்க்கும். அணிவரிசை வந்தால் பழையதை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். ‘ஃபார்ம்ஸ்’ உள்ளே எச்டிடிபி, கோஆப் என்று இரண்டு வழி இருந்து, ஒன்றின் முகவரியை மட்டும் திருத்தி அனுப்பினால் மற்ற வழி காணாமல் போகும். முகவரி மாறினால் எப்போதும் முழு புட்.

நீர்மட்டம்:

எங்கள் ‘ஃபார்ம்ஸ்’ எல்லாவற்றிலும் இரண்டு வழி இருக்கிறது. முகவரி மாற்றத்துக்கு புட், கெடு நீட்டிப்புக்கு மட்டும் பேட்ச் என்று பிரித்துவிட்டோம்.